‘வேட்பாளர்’ எத்தனை பாயிண்ட்?

ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்துபோனது. அதற்கப்புறம் நிர்வாகம் தனி அலுவலர் கையில். ஆனாலும் எங்கள் பக்கத்தில் சில வீட்டு கேட்டில் ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ போர்டு ரொம்ப நாள் அப்படியேதான் தொங்கியது. ஒன்றிரண்டு பேர் மட்டும் கடைக்கு வந்து ‘முன்னாள்’ என்று ஒரு ஸ்டிக்கர் வெட்டி வாங்கிப் போனார்கள். வெட்டிக் கொடுத்தது நான்தான் என்பதால் அளவும் தெரியும். ‘தலைவர்’ நான்கு அங்குலம், ‘முன்னாள்’ முக்கால் அங்குலம்.

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் என் அண்ணன் வைத்திருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை எனக்கு. 2006 உள்ளாட்சித் தேர்தலின்போது டிடிபி கற்றுக்கொண்டிருந்த பெண்ணாக பிட் நோட்டீஸ் டைப் அடிக்க ஆரம்பித்தேன். அப்போது டபுள் டெம்மி அளவுத் தாள் போஸ்டரும் சுவர் எழுத்தும்தான் ராஜா. 2011இல் எல்லாம் ஃப்ளெக்ஸ் ஆகிவிட்டது. 2016 அக்டோபரில் வேட்புமனு தாக்கல் முடிந்த கையோடு சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. சின்னம் ஒதுக்கும் முன்பே அவசரப்பட்டு ‘வணக்கம்’ போஸ்டர் அடித்தவர்கள் அப்போது எங்களிடம்தான் வந்து தலையில் கை வைத்தார்கள். அப்புறம் 2019 டிசம்பரில் ஊராட்சிகளுக்கு, 2022 பிப்ரவரியில் பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சிக்கு. இத்தனை தேர்தலுக்கும் மேட்டர் அடித்த கை என்னுடையது. அச்சுக் கடையில் வாசகத்துக்கு மேட்டர் என்றுதான் பெயர், எழுத்தின் அளவுக்குப் பாயிண்ட்.

தேர்தல் போர்டில் பொய் எழுதுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்பட்டமான பொய்யை யாரும் எழுதச் சொல்லி நான் பார்த்தது குறைவு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. டீக்கடை பெஞ்சில் இருப்பவர் போர்டை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டு, ‘இவன் எப்பம் டே பி.காம். பாஸ் ஆனான்?’ என்று கேட்டுவிடுவார். அதனால் பொய்யை வாசகத்தில் வைக்க மாட்டார்கள். அளவிலும் படத்திலும் வைப்பார்கள்.

ஒரு போர்டைக் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். 2019 தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெற டிசம்பர் 19 கடைசி நாள். சின்னம் அதற்கப்புறம்தான் கிடைக்கும். வாக்குப்பதிவு 27, 30 தேதிகளில். எங்கள் மாவட்டத்தில் அந்த வாரம் என்ன வாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து ஃப்ளெக்ஸ், குடில் போட்டி போர்டு, கேரல் நோட்டீஸ் என்று மெஷின் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தது. நடுவில் தேர்தல் சின்னங்களாக ஆட்டோ ரிக்‌ஷாவும் பூட்டு சாவியும் கத்தரிக்காயும் வந்து விழுந்தன.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற ஒரு பெரியவர் பத்துக்கு எட்டு அடி போர்டு கேட்டு வந்தார். வெள்ளை வேட்டி, கும்பிட்ட கை, பின்னால் வயலும் மலையும். மேலே பெயர், அதன் கீழே ‘ஊராட்சி மன்றத் தலைவர் வேட்பாளர்’ என்று ஒரே வரியில் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“கொள்ளாம் மக்களே. ஆனா அந்த வேட்பாளர் எதுக்கு இவ்வளவு பெருசு? கண்ணுல குத்துது.”

“நீங்க இப்பம் வேட்பாளர்தானே மாமா?”

“அது ஊருக்கே தெரியுமே. தெரிஞ்சத எதுக்கு பெருசா போடணும்?”

‘வேட்பாளர்’ அடுத்த வரிக்கு இறங்கியது. பிறகு கொஞ்சம் சுருங்கியது. பிறகு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. பின்னணியில் இருந்ததும் மஞ்சள் நெல் வயல். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் அவர் தலைவராகவே இருந்தார், போர்டு வைத்த நிமிடத்திலிருந்து. இதில் எந்த எழுத்தும் பொய் இல்லை. அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசில்லை. எதிரே நின்றவர் இன்னொரு கடையில் அடித்த போர்டிலும் அந்தச் சொல் அதே கதியில்தான் கிடந்தது. இதில் இன்னொரு வகை ‘வெற்றி வேட்பாளர்’. வாக்குப்பெட்டியைத் திறக்கும் முன்பே வென்றுவிட்டவர். இதைக் கேட்டுச் சிரிக்கும் ஆளே இப்போது கிடையாது, அவ்வளவு பழகிவிட்டது.

என் சித்தி மகன் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிறான். அங்கே நீதிபதி, ஷெரீஃப், பள்ளி வாரிய உறுப்பினர் எல்லோருக்குமே தேர்தல் உண்டு. வீட்டு முன்புறப் புல்லில் ஒரு முழ உயர அட்டையைக் கம்பியில் குத்தி வைப்பார்களாம். அவன் அனுப்பிய படங்களில் தொழில்காரக் கண்ணுக்கு ஒரு விஷயம் பட்டது. பெரும்பாலான அட்டையில் பெயருக்கும் பதவிக்கும் நடுவே ‘ஃபார்’ என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. பதவியில் இருப்பவர் அல்ல, அதற்கு நிற்பவர் என்று காட்டும் சொல். சில அட்டையில் மட்டும் அது இல்லை. ஏன் என்று கேட்டேன். டெக்ஸாஸ் மாநிலத் தேர்தல் சட்டத்திலேயே இருக்கிறது என்றான். பதவியில் இல்லாதவர் பதவிப் பெயரைப் போட்டால் ‘ஃபார்’ கட்டாயம். அதோடு அந்தச் சொல்லின் எழுத்து, பதவிப் பெயரின் எழுத்தளவில் பாதியாவது இருக்க வேண்டும். ஃப்ளோரிடாவிலும் பதவியில் இல்லாதவருக்கு இதே சொல் கட்டாயம். அவர் ‘மீண்டும் தேர்ந்தெடுங்கள்’ என்று விளம்பரம் செய்யவும் கூடாது.

எழுத்தின் அளவைச் சட்டத்தில் எழுதி வைத்த ஆள் நிச்சயம் ஒருநாளாவது அச்சகத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கேயும் யாரோ ஒரு பெரியவர் ‘கண்ணுல குத்துது’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

நம்மூரில் சட்டம் வேறு பக்கம் பார்க்கிறது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்று ஒரு பிரிவு. போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளாட்சித் தேர்தல் நேரத்திலும் அச்சகக்காரர்களைக் கூப்பிட்டு இதையேதான் சொல்லி அனுப்புவார்கள். யார் அடித்தது, எத்தனை அடித்தது என்று கேட்பார்கள். அடித்தது உண்மையா என்று கேட்பதில்லை. வேட்பாளரின் நடத்தை பற்றிப் பொய் பரப்பினால் தண்டனை உண்டு, பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தில் 175ஆவது பிரிவு. ஆனால் அதை எதிராளியைப் பற்றிய அவதூறுக்குத்தான் எடுப்பார்கள். தன்னைப் பற்றித் தானே கூட்டிச் சொல்வதை யார் போய் புகார் கொடுப்பது? எல்லோர் போர்டிலும் அதுதானே இருக்கிறது.

‘மீண்டும்’ கதையைச் சொல்ல விட்டுவிட்டேன். 2016 அக்டோபரில் பழைய தலைவர்களின் காலம் முடிந்து, 2020 ஜனவரியில் புதியவர்கள் பதவியேற்கும் வரை மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருமே இல்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தபோது, தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்ற காலம் அது. ஆகவே 2019இல் ‘மீண்டும்’ போட யாருக்கு உரிமை என்பதே ஒரு கேள்வி. 2011இல் ஜெயித்தவர் போட்டால் சரி, ஒத்துக்கொள்ளலாம். 2006இல் ஜெயித்து 2011இல் தோற்றவரும் போட்டார். ஒரு தடவைகூட ஜெயிக்காத ஒருவரும் ‘மீண்டும் உங்களைத் தேடி’ என்று போடச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். “போன எலக்சன்லயும் தேடித்தானே வந்தேன்?” என்றார். அந்த பதிலுக்காகவே எழுத்தைக் கொஞ்சம் அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

படத்தில் வைக்கும் பொய்க்கு வருவோம். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு மெம்பர் தேர்தலில் நம் மாநிலத்தில் கட்சி கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் கட்சிச் சின்னம். ஆனால் தலைவர் வேட்பாளர் போர்டின் உச்சியில் வட்ட வட்டமாகத் தலைவர்கள் முகம் வரிசையாக நிற்கும். கீழே சுயேச்சைச் சின்னம், பெயருக்கு மேலே ‘ஆதரவு பெற்ற’. ஒரே ஊராட்சியில் இரண்டு பேர், ஒரே கட்சிக்காரர்கள், ஒரே முகவரிசையை வைத்து எங்கள் கடையிலேயே போர்டு அடித்துப் போனார்கள். ஒருவருக்கு மேட்டர் அடித்த ஃபைலை நகல் எடுத்துத்தான் அடுத்தவருக்கு வேலை பார்த்தேன். ஆதரவு உண்மையில் யாருக்கு என்று அந்தப் படத்தில் இருந்தவர்களுக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெண்கள் வார்டு போர்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016இல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். 2019 ஊரகத் தேர்தல் அந்த ஒதுக்கீட்டோடு நடந்தது. எங்கள் கடையில் நடந்தது இது. ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஸ்டுடியோவில் எடுத்த தன் படங்கள் ஒரு பென்டிரைவ் நிறைய. நின்று, நடந்து, கைகாட்டி, குழந்தையைத் தூக்கி. வேட்பாளர் அவர் மனைவி. அக்கா ஃபோட்டோ எங்கே அண்ணே என்று கேட்டேன். செல்போனை நீட்டினார். வாக்காளர் அடையாள அட்டையைப் படம் பிடித்து வைத்திருந்தார், அதிலிருந்து முகத்தை வெட்டி எடுக்கச் சொன்னார். அது தபால்தலை அளவுக்கு மேல் பெரிதாக்கினால் உடைந்துவிடும் என்றேன். “அவ்வளவு போதும், மூலையில வச்சிரு” என்றார்.

அந்த போர்டில் யார் நிற்கிறார் என்று புதிதாக வந்தவர் யாரும் சொல்லவே முடியாது. நடுவில் முழு உயரத்துக்கு அவர். மூலையில் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், கண் பாதி மூடியபடி. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது, பெயரும் மனைவியுடையது, சின்னமும் மனைவியுடையது. நான் ஒன்றே ஒன்று செய்தேன். “அக்காவை நாளைக்கு கடைக்குக் கூட்டிட்டு வாங்க, நானே இங்கே நிறுத்தி எடுக்கேன், காசு வேண்டாம்” என்றேன். அவர் கூட்டி வரவில்லை. அந்த அக்கா ஜெயித்தார். பதவியேற்பு வாழ்த்து போர்டுக்குத்தான் முதல்முறையாக நல்ல படம் வந்தது.

அடுத்தது சாதனைப் பட்டியல். ‘சானலைத் தூர்வாரியவர்’, ‘பாலம் கட்டித் தந்தவர்’, ‘சாலை நாயகன்’. எங்கள் ஊர்களில் தண்ணீர் என்றால் சானல். பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் கால்வாயைத்தான் அப்படிச் சொல்வோம். அதைப் பராமரிப்பது அரசின் நீர்வளத் துறை, முன்பு பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டியவை என்ன என்று 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் 110ஆவது பிரிவில் சொல்கிறது. ஊர்ச்சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர், சுடுகாடு, இப்படி. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் தனியாக ஒரு பல்பு வாங்குவதே கஷ்டம், சானலை எங்கே தூர்வாருவது?

வாக்குறுதியும் அப்படித்தான். வார்டு மெம்பருக்கு நின்ற ஒருவர், வார்டில் முந்நூறு சொச்சம் ஓட்டுதான், நான்கு வழிச் சாலையை விரைந்து முடிப்பேன் என்று நோட்டீஸில் போடச் சொன்னார். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வேலையை வார்டு மெம்பர் எப்படி முடிப்பார்? “குரல் குடுப்பேன்லா?” என்றார். சரி, ‘குரல் கொடுப்பேன்’ என்றே போடலாமே என்றேன். அது வெயிட்டாக இல்லையாம்.

இதெல்லாம் யாரை ஏமாற்றுகிறது என்று கேட்டால், முதலில் ஓட்டுப் போடுகிறவருக்கு நேரும் குழப்பத்தைத்தான் சொல்வேன். ஊரகத் தேர்தலில் ஒரே நாளில் நான்கு பதவி. வாக்குச்சீட்டு என்றால் வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று கையில் திணிப்பார்கள். எங்கள் அம்மா படித்தவர்தான், பத்திரிகை விடாமல் வாசிப்பவர். 2019இல் வரிசையில் நின்றுகொண்டே என்னிடம் கேட்டார், “அந்த கத்தரிக்காக்காரன் எதுக்கு நிக்கான்?” தெரு முழுக்க அவர் போர்டு. சிரிப்பு தெரிகிறது, கத்தரிக்காய் தெரிகிறது. எந்தப் பதவி என்பது மட்டும் தெரியவில்லை.

செலவுக் கணக்கை ரொம்ப விளக்க வேண்டாம். 2019இல் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு உச்சவரம்பு 34,000 ரூபாய், வார்டு மெம்பருக்கு 9,000. தெருவில் தொங்கிய போர்டுகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு மிச்சம் புரியும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நோட்டீஸ் என் கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் கிடக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்த ஒரு அக்கா, குருந்தன்கோடு ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியின் வார்டுக்கு நின்றவர். ஃப்ளெக்ஸுக்குக் காசில்லை, ஏ4 தாளை இரண்டாக வெட்டிய நோட்டீஸ் போதும் என்றார். மேட்டரை நோட்டுப் பேப்பரில் எழுதி வந்திருந்தார். அதை அப்படியே தருகிறேன்:

‘நம்ம வார்டு மெம்பர் பதவிக்கு முதல் தடவையாக நிற்கிறேன். வெள்ளைச் சீட்டில் என் சின்னம் கட்டில். மெம்பரால் ரோடு போட முடியாது, கூட்டத்தில் கேட்க முடியும். தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், ஓடை இந்த மூன்றையும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன். கிராம சபைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து கூப்பிடுவேன்.’

அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “முடியாதுன்னு எழுதி ஓட்டுக் கேக்குத முதல் ஆளு இவங்கதான்” என்றான். அக்கா தோற்றார். நோட்டீஸால் என்று நான் நினைக்கவில்லை. எதிராளிக்கு அந்த வார்டில் சொந்தக்காரர் வீடு அதிகம், வார்டுத் தேர்தல் பெரும்பாலும் கல்யாண வீட்டுக் கணக்குதான். ஆனால் தேர்தல் முடிந்தும் சிலர் அந்த நோட்டீஸை வைத்துக்கொண்டு, ஜெயித்தவரிடம் கிராம சபைக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதாக அந்த அக்காவே வந்து சொல்லிச் சிரித்தார்.

நேர்மையான போர்டு என்று நான் சொல்வது காந்தி வாசகம் எழுதிய போர்டை அல்ல. ‘எளிமையானவர், இனிமையானவர்’ இருந்துவிட்டுப் போகட்டும், அது யாரையும் கெடுக்காது. ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’யும் இருக்கட்டும், நம் ஊரில் எல்லோரும் யாரோ ஒருவருக்குப் பிள்ளைதானே. எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். எந்தப் பதவி என்று பெயரின் பக்கத்திலேயே, ரோட்டிலிருந்து படிக்கிற அளவில். இப்போது பதவியில் இல்லை என்றால் ‘வேட்பாளர்’ அதே அளவில். முன்பு இருந்திருந்தால் ‘மீண்டும்’ வேண்டாம், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று போட்டுவிடலாம், அதுவே கம்பீரமாக இருக்கும். நிற்பவர் படம் நடுவில். கட்சி இல்லாத தேர்தலில் மேலே முகவரிசை வேண்டாம், அந்த இடத்தில் வாக்குச்சீட்டின் நிறத்தைப் பட்டையாகப் போட்டால் அம்மா மாதிரி ஆட்களுக்கு உதவும். செய்த வேலை என்றால் எந்தத் தெரு, எந்த வருடம், எந்த நிதி.

டெக்ஸாஸ் மாதிரிச் சட்டம் இங்கே வருமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. பேனரையே சட்டம் போட்டும் கோர்ட்டு சொல்லியும் நிறுத்த முடியவில்லை. பொது இடங்களை விகாரப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959லிருந்து இருக்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பின் எங்கள் கடையிலேயே கொஞ்ச நாள் ஆர்டர் ஓய்ந்தது. டிசம்பரில் தேர்தல் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

அதனால் சட்டத்துக்குக் காத்திராமல் கடையில் ஒரு மாதிரி போர்டு செய்து வைத்திருக்கிறேன், பத்துக்கு எட்டில், மேலே சொன்னபடி. பெயர் இருக்கும் இடத்தில் காலி. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, இதைக் காட்டினால் வருகிறவன் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்கிறான். போகலாம். வந்தவர் ‘வேட்பாளர்’ எழுத்தைச் சுருக்கச் சொன்னால் நான் சுருக்கித்தான் கொடுப்பேன், காசு வாங்கும் தொழில் இது. ஆனால் முதல் புரூஃபில் ‘தலைவர்’, ‘வேட்பாளர்’ இரண்டும் ஒரே அளவில்தான் இருக்கும். அதைக் குறைக்க வேண்டும் என்றால், கடையில் நாலு பேர் நிற்கும்போது வாயைத் திறந்து கேட்கட்டும்.